ஏரிக்கு அந்தப் பக்கம்

அக்கா,

இதை அத்தானிடம்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு.

எனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கவே திட்டுகிற அப்பா, பறவை பார்க்கவென்று வெளிநாட்டு பைனாகுலர் வாங்கியிருக்கிறார். மொட்டைமாடியில் ஸ்டாண்டில் பொருத்தி, "தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். இன்று அவர் இறங்கியதும், தொடாமல் கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். கொக்கு, நாரை எதுவுமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், இரும்புலியூர் மாடியொன்றில் உன் மஞ்சள் சுடிதார் காய்ந்தது.

"சிக்கிட்டா மச்சான், ஞாயித்துக்கிழமை ஆளுங்களோட வா" என்று மாமாவிடம் போனில் சொன்னார்.

ஓடிப்போனபோது என்னை நினைத்தாயா? உன்மேல் எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் நாளை பள்ளிக்குப் போகும்போது இதை உன் கதவடியில் தள்ளிவிடுவேன். உடனே கிளம்பிவிடு. கொடியில் கிடக்கும் துணியை மட்டும் எடுக்காதே. அதைப் பார்த்து, நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று அவர்—

அப்பா என் அறைக் கதவைத் தட்டுகிறார்.