தாமதக் காரணம்

பிப்ரவரி 6, புதன்

இன்றும் பாலம் இருந்தது. நான்கு தடவை கடந்தேன்.

எண்பத்து நான்கு மீட்டர், பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியும் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்பது இன்றுதான் எனக்கே தெரிந்தது. இக்கரைக்கு வந்து புஸ்ஸென்று விட்டதில் முன்கண்ணாடி மங்கிவிட்டது.

என்னைப் போல் பஸ் ஓட்டுகிறவர்கள் வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். "இடது சரி. வலது சரி. கதவு சரி." கமேசே பாலத்தின் வாயில் நான் ஒன்று கூட்டிச் சொல்கிறேன்: "பாலம் இருக்கு." விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது அதைச் சொல்லாவிட்டால் கால் அசையமாட்டேன் என்கிறது.

பாலத்தின் தளமும் கரையும் சேருகிற இடத்தில் ஒரு சந்து. புத்தாண்டுக்கு முன் ஒரு சாப்பாட்டுக் குச்சி நுழைந்தது. இன்று இரண்டு குச்சி சேர்த்து நுழைகிறது. குளிருக்குச் சுருங்கும் என்கிறார்கள். சுருங்கட்டும், நாளைக்கு மூன்றாவது குச்சியையும் கொண்டுவருகிறேன்.

பாலத்தின் வாயில் நிறுத்தி, இறங்கிக் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு வந்ததில் மருத்துவமனைக்கு ஆறு நிமிடம் தாமதம். நாள் அறிக்கையில் 'தாமதக் காரணம்' என்ற கட்டத்தில் "சாலை – கமேசே பாலம்" என்று எழுதினேன். மாலையில் நோகாமி ஐயா கூப்பிட்டார். நகர அலுவலகத்தில் பஸ் பிரிவின் தலைவர் அவர்தான்.

"மினோவா அம்மா, அது மாகாண சாலை. நாம 'சாலை'ன்னு எழுதிட்டா மாகாணத்துக்காரங்க பதில் சொல்லியாகணும். அவங்க மூஞ்சியில கரி பூசின மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னதான் எழுதறது?"

"பயணிகள் ஏறத் தாமதம்னு போடுங்க. எல்லாம் வயசானவங்க. யாரு கேக்கப்போறா?"

ரப்பரை எடுத்து அவரே அழித்தார், தூளை ஊதிவிட்டார். நான் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

பனி. பாலம் இருந்தது. "பயணிகள் ஏறத் தாமதம்."

பிப்ரவரி 15, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். பாலத்துக்கு முன் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னேன். ஆளில்லாத பஸ்ஸைப் பின்னால் ஓட்டி வந்தேன். இருந்தது ஐந்தே பேர். அவர்கள் எடை எவ்வளவு இருந்துவிடப்போகிறது? எடைக்காகச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். விழுந்தால் நான் மட்டும் போகட்டும் என்றுதான்.

"என்ன டிரைவரம்மா, சாமி ஊர்வலமா? மேளம் எங்க?" என்றார் குராமோச்சி ஐயா. எழுபத்தொரு வயது, பழைய தச்சர். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கிவிடும், இரண்டு நாள் தவறினால் ஆளே இல்லை. இந்தப் பாலம் கட்டும்போது அவருக்கு இருபது வயது. கான்கிரீட் வார்க்கப் பலகை அடித்தவர்களில் ஒருவர். "நான் அடிச்ச பலகையில வார்த்தது. என்னை மட்டும் கீழ போடாது" என்று சொல்லிக்கொண்டே பாதிப் பாலத்தில் நின்று ஆற்றில் எட்டித் துப்பினார்.

தொமியே அம்மாவுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். மாகாண சபை உறுப்பினர் தகேஹானா ஐயாவின் ஆதரவாளர் சங்கத்தில் பெண்கள் பிரிவுக்குத் தலைவி அவர். "ஐயா காதுக்குப் போனா வருத்தப்படுவாரும்மா. நமக்காக எவ்வளவு அலையறார்!"

அலைகிறார்தான். ஐந்து தடவை ஜெயித்து மாகாண சபைக்குப் போய்விட்டார். பாலத்தின் வாயில் "கமேசே பாலம் விரைவில் புதிதாக!" என்று பதாகை தொங்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம். வெயிலில் வெளுத்துப்போய் மூன்று தடவை பதாகையை மாற்றிவிட்டார்கள்.

திரும்பும்போது கைப்பிடிச் சுவரில் இருக்கும் வெடிப்பின் நுனியில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். நகத்துக்குப் போட்டுக்கொள்ள எனக்கு எங்கே நேரம்?

மார்ச் 1, வெள்ளி

நகப்பூச்சுக் கோட்டைத் தாண்டி வெடிப்பு என் சுண்டுவிரல் நீளம் வளர்ந்திருக்கிறது. மறுபடி கோடு. பக்கத்தில் இன்றைய தேதி.

மார்ச் 13, புதன்

பாலத்தில் ஆட்கள். தலைக்கவசம், வண்டி, கொடி காட்ட ஒருவர். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது — அப்பாடா, வந்துட்டாங்க, வந்துட்டாங்க என்று.

பெயிண்ட் அடிக்க வந்திருக்கிறார்கள்.

வான நீலம். மாலையில் திரும்பும்போது பாலம் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. வெடிப்பின் மேல் ஏதோ மாவைப் பூசி அதன் மேலும் நீலம். என் கோடுகளைக் காணோம், தேதிகளைக் காணோம். எங்கே இருந்தது என்று தடவித் தடவிப் பார்த்தேன்; கையுறைதான் நீலமானது. கண்துடைப்பு என்பது இதுதான். நேற்றுவரை எவ்வளவு வளர்ந்தது என்றாவது தெரிந்தது. இனி அதுவும் தெரியாது.

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை, பயம்தான்.

மார்ச் 29, வெள்ளி

மாகாண சபைத் தேர்தலுக்கு மனு போடும் நாள். மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. தகேஹானா ஐயாவை எதிர்த்து ஒருவரும் போடவில்லை, அதனால் நம் தொகுதியில் வாக்கெடுப்பே கிடையாது. ஐந்தேகாலுக்கு மூன்று தடவை "பன்சாய்!" என்று வெற்றி முழக்கம் கேட்டது. தொமியே அம்மா எனக்கும் விசேஷத்துக்குச் சமைக்கிற சிவப்பு அவரைச் சோறு ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். "பாலத்துல நின்னுதான் படம் எடுத்துக்கிட்டார், தெரியுமா! அந்த நீலம் அவருக்கு எடுப்பா இருக்கு."

சோறு நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு. நோகாமி ஐயா முத்திரை குத்திக்கொண்டே, "அறிக்கை எல்லாம் இப்ப சுத்தமா இருக்கு" என்றார்.

மே 20, திங்கள்

பயணிகளை நடக்கவிடுகிறேன் என்று நோகாமி ஐயாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். இனிமேல் கூடாது. நடுவழியில் இறக்கிவிடுவது விதிமீறலாம். யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு என் தலையிலாம்.

பாலம் விழுந்தால் யார் தலையில்? கேட்கவில்லை. ஏன்டி கேக்கல? வாயில என்ன கொழுக்கட்டையா?

ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு கடந்தேன். மூச்சை அடக்கியதில் காது அடைத்தது.

ஜூன் 28, வெள்ளி

எழுத்து எப்படி இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நான்கு நாளாக விடாத மழை. காலையில் பாலத்தின் வாயில் நிறுத்தினேன். ஆறு சேற்று நிறத்தில் தூண்களைக் கட்டிக்கொண்டு உறுமியது. விரலை நீட்டினேன். "பாலம் —" அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

"இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க."

"கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?" என்றார் தொமியே அம்மா.

"இறங்குங்கம்மா! கால்ல விழறேன்!"

என் குரலைக் கேட்டு அவரும் இறங்கிவிட்டார். ஐந்து குடைகள் முன்னால் போயின. கடைசிக் குடை இக்கரையில் ஏறியதும் வண்டியை எடுத்தேன். ஓரமாக நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். குராமோச்சி ஐயாவுக்கு எட்டரைக்கு ஊசி. அதுதான் மனதில் ஓடியது.

பின்சக்கரம் கரையோரச் சந்தின் மேல் போகும்போது டமார் என்று ஒரு சத்தம். பஸ்ஸின் பின்பக்கம் கீழே போய், முன்கண்ணாடியில் வெறும் வானம். மிதித்தேன். எவ்வளவு மிதித்தேன் என்று தெரியாது. ஏறிவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது பாலத்தின் தளம் ஒரு முழம் இறங்கி நின்றது. ஐந்து பேரும் குடையை மூடிவிட்டு மழையில் தலை குனிந்து எனக்கு வணக்கம் செய்துகொண்டிருந்தார்கள். தொமியே அம்மா உட்கார்ந்தேவிட்டார், சேற்றிலேயே.

ஜூலை 3, புதன்

பாலம் மூடப்பட்டது. தடுப்புக் குழாய்களைத் தாங்குவது பிளாஸ்டிக்கில் செய்த பச்சைத் தவளைகள். கண்ணை உருட்டிச் சிரிக்கின்றன. பத்துத் தவளைகள், எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு.

என் பஸ் இனி தவளைகள் வரை போய்த் திரும்பிவிடும். அக்கரைச் சவாதானி ஆட்களுக்கு நகர அலுவலகம் டாக்ஸி விடுகிறது. காட்டுப்பாதை வழியாக ஒரு மணி ஐம்பது நிமிடம். டயாலிசிஸ் முடிந்து அந்த வளைவுகளில் திரும்பும்போது குராமோச்சி ஐயா இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம்.

செப்டம்பர் 11, புதன்

சமூகக் கூடத்தில் கூட்டம். மாகாணத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி, நல்ல மரியாதைக்காரர். தகேஹானா ஐயா வரவில்லை, பூங்கொத்து அனுப்பியிருந்தார். அக்கரையில் இருப்பது முப்பத்தொரு பேர். புதுப் பாலத்துக்குக் காத்திருக்கும் இடங்கள் மாகாணத்தில் நிறைய. எது முந்தி என்று புள்ளி போட்டுப் பார்க்கிறார்கள். நமக்குப் புள்ளி குறைவாம்.

"எங்களுக்கு ஏன் புள்ளி கம்மி?" என்று குராமோச்சி ஐயா எழுந்து கேட்டார்.

அந்தப் பையன் ஒரு கோப்பைத் திறந்தான். என் நாள் அறிக்கைகளின் நகல். "மன்னிக்கணும். அஞ்சு மாசப் பதிவு பார்த்தோம். சாலையால பஸ் தாமதமாச்சுன்னு ஒரு நாள்கூட பதிவு இல்ல. நாப்பத்திரண்டு தடவை பயணிகளால தாமதம்னுதான் இருக்கு."

கூடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. இங்கே யாரும் யாரையும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். தரையைப் பார்த்தார்கள். நோகாமி ஐயாவும் தரையைப் பார்த்தார்.

வெளியே வந்து குராமோச்சி ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாப்பத்திரண்டு தடவையா?" என்றார். "நான் அவ்வளவு மெதுவாவா ஏறினேன்?" சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பாலம் விழும் என்று பயந்தேன். வேலை போகும் என்று அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்திருக்கிறேன். வேறென்ன சொல்ல?

நவம்பர் 29, வெள்ளி

தொமியே அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். பதாகையை அவிழ்த்துத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போனாராம். பனிக்காலத்துக்கு ஞாயிறு முதல் காட்டுப்பாதையை மூடுகிறார்கள். டயாலிசிஸ்காரர் நகரத்தில் அறை எடுத்துத் தங்கலாமே என்கிறது அலுவலகம்.

"என் வீட்டை விட்டுட்டு நான் ஏன் போகணும்? பாலம் பாலமாத்தானே நிக்குது. பஸ்ஸைத்தான் தாங்காது, என்னைத் தாங்கும்" என்று குராமோச்சி ஐயா தொலைபேசியில் கத்தினார். "ஏழரைக்கு உங்க பக்கத்துக் கரையில நில்லுங்க."

டிசம்பர் 2, திங்கள்

மூடுபனி. ஆள் தெரியவில்லை, கரடி கிட்டே வராமலிருக்க இடுப்பில் கட்டிய கரடிமணி மட்டும் கேட்டது. கிணிங், கிணிங். தவளைகளுக்கு இந்தப் பக்கம் நின்ற என் மூச்சு அவருடைய ஒவ்வொரு அடிக்கும் அடங்கி அடங்கி வந்தது. மணிச் சத்தத்தை வைத்து நூற்று நாற்பது காலடி எண்ணினேன். வந்துவிட்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

முதல் பனி. ஏழு முப்பத்தைந்துக்குக் கரடிமணி கேட்டது. நாற்பதுக்கு நின்றுவிட்டது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தவளைகளுக்கு நடுவே புகுந்து உள்ளே போனேன். ஒரு வருடமாக எதற்கு நடுங்கினேனோ அதன் மேலேயே நடந்தேன். நீலப் பெயிண்ட் உரிந்து, அடியில் என் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. வெடிப்பு அதை விட்டு எங்கேயோ போயிருந்தது.

இறங்கிய தளத்துக்கு மேல், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதட்டில் ரத்தமே இல்லை.

"டிரைவரம்மா… கால் வரமாட்டேங்குது."

"எனக்கும்தான் ஐயா. வாங்க."

கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அடியாக வந்தோம். தவளைகளைத் தாண்டியதும் திரும்பி, பழக்கத்தில் விரலை நீட்டினேன். பாலத்தை நோக்கி நீண்ட விரல் அவர் பக்கம் திரும்பிவிட்டது. "குராமோச்சி ஐயா — இருக்கார்." அவரும் கையுறையில்லாத விரலை நீட்டி, "டிரைவரம்மா, இருக்காங்க" என்றார். இரண்டு பேரும் அழுதோம். வெட்கமாகத்தான் இருந்தது.

மருத்துவமனைக்குப் பத்தொன்பது நிமிடம் தாமதம். இன்றைக்கு உண்மையிலேயே பயணி ஏறத்தான் தாமதம். தாமதக் காரணம் கட்டத்தில் "சாலை" என்று எழுதினேன். ஒரே வார்த்தை. அறிக்கையைக் கொடுத்துவிட்டு, வண்டிச் சாவியையும் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

நோகாமி ஐயா அறிக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கட்டைவிரலால் அந்த வார்த்தையைத் தேய்த்துப் பார்த்தார்.

"பேனாவா?"

"பேனாதான்."

சாவியை என் பக்கமாகத் தள்ளினார். "திங்கட்கிழமையும் பேனாவையே எடுத்துட்டுப் போங்க" என்றார்.