அது மௌன விரதம் இல்லை

இன்று காலை வாசலில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்து நின்றார்கள். கையில் தட்டு. தட்டில் நன்றாகக் கனிந்த ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் கதம்பம். "மௌனி அம்மாவைப் பார்க்கலாங்களா? தரிசனம் பண்ணிட்டுப் போயிடறோம்" என்றார்கள்.

"நான்தாங்க. வாழைப்பழம் எனக்குப் புடிக்காது, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

பாவம், அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தட்டோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள். பழ வாசனை மட்டும் வராந்தாவில் நின்றுவிட்டது. எத்தனை வருடம் இந்த வீடு முழுக்க அந்த வாசனைதான் அடித்தது! அது வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, கடைசியில் சாமியாக்கி உட்காரவைத்த உங்களுக்கு.

வேலூரில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு நான் திரும்பி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னாடி ஆச்சு, வாயத் தொறந்து சொல்லுடி" என்று அழுதாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்த மாதிரி. வேறு எந்த ஊராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து என்ன நடந்தது என்று குடைந்திருப்பார்கள். சாமியார்கள் நிறைந்த இந்த மலையடி ஊரில் பேசாதவர்களைக் கண்டால் கும்பிடுகிறார்கள். அது உங்களுக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று!

செங்கம் ரோட்டில் நீங்கள் அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தீர்கள். மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நீங்கள் ஒரு கணம் யோசித்தீர்கள். பிறகு, "பாப்பா மௌன விரதம் எடுத்திருக்கு" என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த வாரமே எனக்கு ஒரு காவிப் புடவை வந்தது. வராந்தாவில் உட்கார ஒரு மணை. கையை எப்படித் தூக்கி ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் தூக்கினேன். மறுக்க எனக்குக் குரல் ஏது?

உங்களுக்கு விவரம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியும். குரல் போவதற்கு முன்னால் போனில் உங்களிடம்தான் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் என்னைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுகிறார், இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. வாய கம்மி பண்ணு." கம்மி பண்ணினேன். ஒரேயடியாகக் கம்மி பண்ணிவிட்டேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆள் போன் செய்யும்போதெல்லாம் என் காதுபடவே, "கவலப்படாதீங்க மாப்ள, விரதம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடறேன்" என்பீர்களே, அதை எப்படி விடுவது? பேச்சு வந்தால் திரும்ப அந்தத் தாழ்ப்பாளுக்குப் போக வேண்டும். வராவிட்டால் உங்கள் வராந்தாவில் பொம்மையாக உட்கார வேண்டும். நான் எதற்காகக் குணமாக வேண்டும், சொல்லுங்கள்.

அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். உங்களிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவோம். முதலில் தியானம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர். கதவு, ஜன்னலெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு அது நன்றாகவே இருந்திருக்கும். எனக்கு அது அதே குளியலறை. கதவில் முட்டி நெற்றியில் ரத்தம் வந்தது. அடுத்து ஒரு டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஆலோசனை சொல்கிற ஒரு பெரிய மனிதர். என் புருஷனை மனசார மன்னித்துவிட்டால் குரல் தானாக வரும் என்றார். அவர் மேஜையைக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன், அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

கடைசியாக வேங்கிக்காலில், புது வீடுகள் இருக்கிற பக்கம், தன் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மேடத்திடம் போனோம். என் வயதுதான் இருக்கும். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கதவு மூடியிருக்கட்டுமா, தொறந்திருக்கட்டுமா? உங்களுக்கு எங்க உக்காரணும்னு தோணுதோ அங்க உக்காருங்க." நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவரும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பல வாரம் அப்படியேதான் போயிற்று. ஒருநாள் காற்றில் கதவு தானாகச் சாத்தப் போனது. "தொறந்தே இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்! அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"உங்க தொண்டைக்கு ஒண்ணும் கோளாறு இல்லைங்க" என்றார் மேடம். "பேசினா உள்ள போட்டுப் பூட்டுவாங்கன்னு உங்க உடம்பு கத்துக்கிச்சு. அதனால உங்களக் காப்பாத்துது. ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு நம்பிக்கை வரணும், அவ்ளோதான்."

ஆபத்துதான் போகவில்லையே. வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு போன் பேசிக்கொண்டிருந்ததே! அதனால் உங்களுக்குத் தெரியாமலேயே பேசிப் பழகினேன். சமையலறையில் அம்மா மிக்சியைப் போடுவாள், அந்தச் சத்தத்தில் நானும் அவளும் பேசிக்கொள்வோம். "எவ்ளோ நேரம்டி சட்னி அரைப்பீங்க?" என்று நீங்கள் கூடத்திலிருந்து கத்துவீர்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பு எங்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது, தெரியுமா?

பிறகு நீங்கள் படுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "எனக்குத் தெரியும்மா, உனக்குப் பேச்சு வந்துடுச்சு. மிக்சி சத்தத்துலயும் கேட்டுச்சு. ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடும்மா. சின்ன வயசுல தெருமுனையிலேருந்து கூப்பிடுவியே, அந்த மாதிரி. கேட்டுட்டுப் போயிடறேன்."

வாய் நுனியில் இருந்தது. அன்றைக்குத் தொண்டையை யாரும் பிடிக்கவில்லை. நான் என் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, நீங்கள் கற்றுக்கொடுத்த மாதிரியே கையைத் தூக்கி உங்களுக்கு ஆசீர்வாதம் செய்தேன். நீங்கள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

உங்கள் கருமாதிக்கு அந்த ஆள் மாலையோடு வந்தார். பந்தல் நிறைய சொந்தக்காரர்கள். "மாமா சொல்லிட்டுத்தான் போனாரு. விரதம் முடிச்சு வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்த விரதம்யா?" என்றேன். பந்தலே திரும்பியது. "பாத்ரூம்ல தள்ளிப் பூட்டிட்டுப் போவியே, அதுவா? உங்கூட வரதுக்கு வேற ஆளப் பாரு. வெளிய போ!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அத்தை கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அந்த ஆள் மாலையைக்கூடப் போடாமல் போனார். இதில் கூத்து என்ன தெரியுமா? "அம்மா விரதத்த முடிச்சிட்டாங்க!" என்று ஒரு கிழவி என் காலில் விழுந்தாள். இந்த ஊரை என்ன செய்வது?

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கியது உட்பட. "என்னைப் பெத்தவரை மன்னிச்சாத்தான் முழுசா சரியாவேனா?" என்று கேட்டேன். "மன்னிக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்லைங்க. அது உங்க இஷ்டம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசானது. இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் வியர்க்கிறது. முன்பு போல இல்லை.

நன்றாகப் பேசுகிறேன் இப்போது. பால்காரரிடம் சண்டை போடுகிறேன். அம்மாவை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறேன், "என்னாடி சும்மா சும்மா" என்று அலுத்துக்கொள்கிறாள். நீங்கள் கேட்ட அந்த மூன்றெழுத்தும் சில சமயம் தானாக நாக்குக்கு வந்துவிடுகிறது. தெருமுனையில் எந்தக் குழந்தையாவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு அழுகைகூட வருகிறது. வரட்டும். இந்த மடலை முதலிலிருந்து திரும்பப் படித்துப் பாருங்கள், ஒரு இடத்திலாவது அதை எழுதியிருக்கிறேனா என்று. என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.