மேண்டில் பாக்கெட்டும் காமாக் கதிர்ப் பெட்டியும்

அன்பு மாறாத மேரி அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நேரிலேயே பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். நம் பெட்டி பிடித்துவிட்டது! எங்கோ வெகுதொலைவில் ஏதோ வெடித்து, அதன் காமாக் கதிர்கள் சில நொடிகள் வந்து அடித்திருக்கின்றன. நேற்றுதான் ஹைதராபாத்துக்குச் செய்தி வந்தது. கேண்டீனில் எல்லோருக்கும் ரொட்டியில் செய்த டபுள் கா மீட்டா இனிப்பு. உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

அந்தக் கதிர்களைக் காற்று தரைவரை வரவிடாது. அதனால்தான் செயற்கைக்கோளில் ஏற்ற அந்தப் பெட்டியைச் செய்தோம். கதிர் பட்டால் உள்ளே ஒரு கிரிஸ்டல் மினுங்கும். மினுக்கங்களை எண்ண நீங்களும் நானும் சால்டர் வைத்த போர்டுகள். எண்ணிக்கை சட்டென்று எகிறினால் வெடிப்பு என்று பொருள். உங்களுக்குத் தெரியாததா? வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த டிசம்பரை எப்படி மறப்பேன்? முதல் பெட்டி, செயற்கைக்கோளில் பொருத்தப் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டிய வாரம். நன்றாக எண்ணிக்கொண்டிருந்த கவுன்ட்டர் ஒருநாள் காலையிலிருந்து காரணமில்லாமல் எகிறித் துள்ள ஆரம்பித்தது. கிரிஸ்டல் கெட்டுவிட்டது, அனுப்ப முடியாது என்று செக்ஷன் தலைவர் ராவ் சார் சொல்லிவிட்டார். மாற்றுக் கிரிஸ்டலும் இல்லை. நம் இடத்தில் அதே எடைக்கு அலுமினியக் கட்டி ஒன்றை வைத்து ஏவிவிடுவார்களாம்.

“இவ்ளோ பாடுபட்டது ஒரு அலுமினியக் கட்டிக்கா சேகர்?” என்று கேட்டீர்கள்.

மதியம் பையோடு நீங்கள் சாப்பிடப் போனீர்கள்; கவுன்ட்டர் அடங்கியது. திரும்பி வந்தீர்கள்; மறுபடி துள்ளியது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“அக்கா, நீங்க கிட்ட வந்தாத்தான் பெட்டி துள்ளுது. உங்களுக்குள்ள ஏதோ நட்சத்திரம் வெடிக்குது.”

நீங்கள் சிரிக்கவில்லை. கைப்பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தீர்கள். டிபன் டப்பா, சீப்பு, கேரல் பாட்டுத் தாள்கள், கூடவே பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் கட்டி எரிக்கிற வலை, மேண்டில், ஒரு கட்டு. லோத்குண்டா வீடுகளுக்குக் கேரல் பாடப்போகும் உங்கள் சர்ச் கூட்டத்துக்கு விளக்குப் பொறுப்பு உங்களுடையதுதானே! மேண்டிலில் தோரியம் இருக்கிறது, அது காமாக் கதிர் விடும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் சாமானை யார் சந்தேகப்படுவார்கள்?

ராவ் சார் அந்தக் கட்டைப் பெட்டியருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாகக் குழந்தைபோல விளையாடினார். பிறகு லேப் கதவில் சாக்பீஸால் ‘மேண்டில் நக்கோ’, அதாவது மேண்டில் வேண்டாம், என்று ஹைதராபாத் பேச்சில் எழுதினார். அது அழிய அழிய நான் எழுதிவருகிறேன்.

கிரிஸ்டலுக்கு ஒன்றுமில்லை என்று பெட்டி கிளம்பியது; அதை ஏற்றிப்போன ராக்கெட் கடலில் விழுந்தது வேறு கதை. செய்தி வந்த அன்றே, “இன்னொண்ணு பண்ணுவோம்” என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கியவர் நீங்கள். அந்த இரண்டாவது பெட்டி மேலே போவதற்குள் உங்களுக்கு என்ன அவசரம், அக்கா?

நேற்று அந்த எண்ணிக்கையின் வரைபடமும் வந்தது. எல்லோரும் கோடு எகிறிய அந்த உச்சியைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அதற்கு முன்னால் இருந்த அமைதியான கோட்டைப் பார்த்தேன். வெடிப்புக்கு முந்தைய நொடிகளையும் மறக்காமல் பிடித்துவைக்கிற மெமரி போர்டு உங்கள் கைவேலை அல்லவா? ஒரு நொடிகூட விட்டுப்போகவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு லோத்குண்டாவில் விளக்கைத் தூக்கப்போவது நான்தான். பாட்டு வராது, வாயசைப்பேன். மேண்டில் கட்டு மட்டும் சத்தியமாக லேபுக்கு வராது, என் வீட்டிலேயே இருக்கும்.

என்றும் உங்கள் தம்பி,
அடுத்த மேஜை சேகர்