விழுப்புரம் பஸ்ஸில் போன பை

ஏப். 22, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து கெஞ்சி வாங்கிய அனுமதி. நான், ஜெரோம், சரவணன். மாமல்லபுரம், பாண்டி, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், வீடு.

எடுத்தவை: சட்டை நான்கு, புது பவர் பேங்க், அம்மா திணித்த முறுக்கு டப்பா, அப்பாவின் கூலிங் கிளாஸ் (கேட்காமல்).

கிளம்பும் முன் சேலையூரில் ஜெரோம் வீட்டில் டிபன். கீழ் போர்ஷனில் அவன் அக்கா ஸ்டெல்லாவும் மாமாவும். கல்யாணமாகிப் பல வருடம், குழந்தை இல்லை. கல்யாணப் புடவை முந்தானையில் ஒரு துண்டு வெட்டி, உள்ளங்கை அளவுக்குக் குட்டித் தொட்டில் தைத்து வைத்திருந்தாள் அக்கா. வேளாங்கண்ணியில் கட்டுவதற்கு. நீங்களே வரலாமே என்றான் சரவணன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"போன தடவை போனப்போ கூட வந்ததுங்க எல்லாம் 'விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா'ன்னு கேட்டே உயிர வாங்கிடுச்சுங்க. இவனே கட்டட்டும்" என்றாள். ஜெரோம் அதைத் தன் பைக்குள் அடியில் வைத்தான்.

"பத்திரம்ப்பா."

நான்தான் பெரிய மனிதன் மாதிரி, "நான் இருக்கேன்ல அக்கா, கவலைய விடுங்க" என்றேன்.

மாலை மாமல்லபுரம். சரவணனின் ஒரு செருப்பை அலை கொண்டுபோனது. மீன் வறுவலில் காரம் அதிகம். சந்தோஷமாக இருந்தேன்.

ஏப். 23, புதன்

பாண்டி. கசகசப்பு. பீச் ரோட்டில் மதியம் வரை போட்டோ. மூன்று பேருக்கும் மூக்கு கறுத்துவிட்டது. ரூம் பையன் எங்களை 'சார்' என்றான். சரவணனுக்கு அதிலேயே தலைகால் புரியவில்லை.

ஏப். 24, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

காலை பாண்டி பஸ் ஸ்டாண்டு. முகூர்த்த நாள், எள் போட்டால் விழாத கூட்டம். சரவணன் டீ வாங்கப் போனான். ஜெரோம் பெஞ்சில் என் பக்கத்தில் பையை வைத்துவிட்டு பாத்ரூம் போனான். பார்த்துக்கோ என்று சொல்லவில்லை. (இது சாக்கா? சாக்குதான்.)

ஒரு பஸ் உள்ளே திரும்பியது. ஜனம் ஓடியது. நாகப்பட்டினம் பஸ் என்று யாரோ சொன்னார்கள், நானும் ஓடினேன். ஜன்னல் வழியே சீட்டில் எதையாவது போட்டால்தான் நமக்கு இடம். என் பையில் பவர் பேங்க். எறிந்தால் உடையும். அதனால் ஜெரோம் பையைப் போட்டேன். ஜன்னலோரம், நல்ல சீட். பெருமையாக வாசலுக்கு வந்தால் கண்டக்டர், "விழுப்புரம், விழுப்புரம்!" படியில் தொங்கியவர்களைத் தாண்டி ஏற முடியவில்லை. விசில் கொடுத்தார்கள். போய்விட்டது.

கத்தியிருக்கலாம். பஸ்ஸைத் தட்டியிருக்கலாம். பின்னால் ஓடியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அசடு வழிய வெட்கப்பட்டு அப்படியே நின்றேன்.

ஜெரோம் வந்தான். "என் பேக் எங்கடா?"

"நீதானடா எடுத்துக்கினு போன? பாத்ரூம்ல வச்சிட்டு வந்துட்டியா?"

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. எனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று இன்றுதான் தெரியும்.

அவன் முகம் செத்துப்போய் ஓடினான். ரொம்ப நேரம் கழித்து வந்தான். "அங்கதான் வச்சிருப்பேன் போல மச்சான். எனக்கே ஞாபகம் இல்ல."

அடுத்த பஸ்ஸில் வழி முழுக்க சரவணன் அவனைக் கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். சிரித்தேன்!

ஏப். 25, வெள்ளி

வேளாங்கண்ணி. நல்ல காற்று. கடைத்தெருவில் ஜெரோம் ஒரு சின்ன மரத் தொட்டில் வாங்கினான். மாதா குளம் போகும் வழியில் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். என் கையால்.

அக்கா போன். "கட்டிட்டேன்க்கா... இல்லக்கா, போட்டோ எடுக்கல, கூட்டம்." வைத்துவிட்டு என் தோளில் கை போட்டான். "அக்காகிட்ட சொல்லிடாத மச்சான். சரவணன் வாய் நிக்காது, அவன நீதான் பாத்துக்கணும். உன்னதான் நம்பறேன்."

சரி என்றேன். பிறகு இறால் வறுவல் சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்தது. என்ன ஜென்மம் நான்.

ஏப். 26, சனி

தஞ்சாவூர். பெரிய கோவில் தரையில் கால் வைக்க முடியவில்லை. மாற்றுத்துணி இல்லாததால் ஜெரோம் போட்டிருப்பது என் நீலச் சட்டை. "உன் சட்டை எனக்கு சூப்பரா கீது இல்ல? தேங்க்ஸ்டா." தேங்க்ஸ்!

ரயிலில் சொல்லிவிடுவது என்று முடிவு. செங்கல்பட்டு தாண்டட்டும் என்று நினைத்தேன். தாண்டியது. தாம்பரமும் வந்தது.

ஏப். 28, திங்கள்

வீடு. துணி துவைப்பு. தலைவலி.

சாயங்காலம் ஜெரோம் போன். அக்காவிடம் தானே சொல்லிவிட்டானாம், தொலைத்துவிட்டேன் என்று. அவள் ஆசையாக ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கப் பொய் சொல்ல முடியவில்லையாம். அக்கா அழுதாளாம். இவனோடு பேச்சு இல்லை.

"நீ வந்து பேசு மச்சான். நீ சொன்னா கேப்பா."

ஏப். 29, செவ்வாய்

போனேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு வக்காலத்தா? நான் தூக்கி வளத்த பையன்டா. ஒரு சாண் துணிய பத்திரமா வச்சுக்கத் தெரியல. அக்காவுக்குப் புள்ள இருந்தா இன்னா, இல்லனா இன்னான்னு நினைச்சிட்டான்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஜன்னல், பஸ், பொய், பவர் பேங்க், எல்லாம்.

கத்தி நின்றது. அடுப்பில் ஏதோ பொங்கியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"அப்போ எங்கிட்ட ஏன்டா வந்து சொல்ற? மேல இருக்கான். போ. என் மூஞ்சில முழிக்காத, போ."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். இன்னும் என் சட்டைதான். "இன்னா மச்சான், சமாதானம் ஆயிட்டாளா?" என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

நின்றுகொண்டே சொன்னேன். அவன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அடிக்கவில்லை.

"பாத்ரூம் வாசல்ல காசு வாங்கற அம்மா இருந்தாங்கல்ல? அவங்கதான் எடுத்திருப்பாங்கன்னு சண்ட போட்டேன்டா. அவங்க மூட்டைய அவுத்துக் காட்டச் சொன்னேன். அழுதுகினே அவுத்துக் காட்டினாங்க. உள்ள அவங்க மாத்துத்துணி மட்டும்தான்டா இருந்துச்சு."