ஊசி கைப்பையில் இருந்தது

மோர்னிங்சைட்,
6 ஓகஸ்ட் 2024

அன்புள்ள செல்லமகள் அட்சயாவுக்கு,

சுகம் கேட்டு அம்மா எழுதுவது. போனில் எழுதினால் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதோடு அக்காவும் என் போனை எடுத்துப் பார்ப்பாள். இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

சஜிதா அக்காவின் கல்யாணம் இந்த மாதம் 25ஆம் திகதி, இன்னும் மூன்று கிழமை கூட இல்லை. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நோயின் பெயர் எழுதிய அந்தக் கைச்சங்கிலியை அன்று ஒருநாள் மட்டும் கழற்றிவிடு. என் ஆறு பவுண் காப்பையும் உனக்கே போடத் தருகிறேன். மாப்பிள்ளை பிரசாந்தின் தாய் கண்ணில் பட்ட எதையும் வாசித்துப் பார்க்கிற ஆள். பரம்பரை நோய் என்று தெரிந்தால், சஜிதாவுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்றுதான் முதலில் கேட்பா. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
மங்கையற்கரசி

மிசிசாகா,
12 ஓகஸ்ட்

அன்புள்ள அம்மா,

பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வகுப்போடு நின்றுபோன தமிழ் இது.

உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடியும் எழுதுகிறேன். என் உடம்பு தன் சுரப்பிகளைத் தானே ஒவ்வொன்றாகத் தின்கிறது. பதின்மூன்று வயதில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி போனது. போன வருடம் தைரொயிட் போனது. தைரொயிட் குளிசை ஒருநாள் தவறினால் சமாளிக்கலாம். மற்றச் சுரப்பிக்கான குளிசை அப்படியில்லை. சத்தி எடுத்து, விழுங்கின குளிசை வெளியே வந்துவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போவேன். நான் மயங்கிக் கிடக்கும்போது அதைச் சொல்லத்தான் அந்தச் சங்கிலி.

அக்காவுக்காகக் கழற்றுகிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சங்கிலி நீங்கள்தான். ஊசியை உங்கள் கைப்பையில் வையுங்கள். நான் விழுந்தால் நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா.

அட்சயா

ஆஸ்பத்திரி, கீழ்மாடி,
28 ஓகஸ்ட்

என் தங்கமே,

நீ கண் விழித்துவிட்டாய் என்று தாதி கிளடிஸ் வந்து சொன்னா. என்னை உள்ளே விட வேண்டாம் என்று நீ சொன்னதையும் அவதான் சொன்னா. மூன்று நாளாக இந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

அக்கா உனக்கு எல்லாம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். காலையிலேயே நீ இரண்டு தரம் சத்தி எடுத்ததை நான் கண்டேன். தாலி கட்டி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் நீ விழுந்தாய். அம்புலன்ஸ்காரன் வந்து, பிள்ளைக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டான். பிரசாந்தின் தாய் பக்கத்தில் நின்றா. "ஒண்டுமில்லை, விரதம் பிடிச்சவ, அதுதான் மயங்கிட்டா" என்றேன். ஊசி என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் கக்கத்தில் இருந்தது. அக்கா மணவறையிலிருந்து ஓடிவந்து, ஊசி எங்கே என்று கத்தி, கைப்பையைப் பறித்து அவனிடம் உன் நோயின் பெயரைச் சொல்லும் வரைக்கும் நான் அப்படியே நின்றேன்.

அதைக் கேட்ட பிரசாந்தின் தாய் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே, நானும் பன்னிரண்டு வருசமாத் தைரொயிட் குளிசை போடுறன்" என்றா. நான் எங்கே போய் முட்டுவது?

என்னை அடி, திட்டு. ஒரு தரம் முகத்தைக் காட்டு. உன்னைப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.

பாவி,
அம்மா

ஐந்தாம் மாடி,
31 ஓகஸ்ட்

அம்மா,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீங்கள் என்னில் உயிரையே வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இல்லை. நீங்கள் கீழே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பது எனக்கும் லேசாக இல்லை.

இன்று கிளடிஸ் ஒரு படிவம் கொண்டுவந்தா. நான் பேச முடியாமல் கிடந்தால் எனக்காகப் பேசுகிற ஆள் யார் என்று அதில் கேட்டிருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து அந்த இடத்தில் உங்கள் பெயர்தான். நானே வெட்டினேன். வெட்டும்போது அழுதேன். அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போங்கள், அம்மா. என்னைப் பார்க்க வேண்டாம்.

அட்சயா