நிறுத்தி வைத்த லிஃப்ட்

ஜூன் 3

என் செல்லத் தங்கைக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பத்தொன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த உன் வீட்டுக்காரரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாமே! அவர் பூட்டிய அந்தத் துணிக்கடை லிஃப்டைத் திறந்துவிட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அத்தான் உன் வீட்டுக்காரருடைய மேனேஜரிடம் பேசிவிட்டார். இத்துடன் அத்தான் எழுதிய மன்னிப்புக் கடிதம் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால் போதும், வேலை திரும்பக் கிடைத்துவிடும். முரண்டு பிடிக்காதே, பிள்ளைகளை நினைத்துப் பார்.

உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதைப் படித்ததும் அழுகை வந்தது. அத்தான் எழுதியதைப் படித்ததும் அது நின்றுவிட்டது. "ஆத்திரத்தில் தவறு செய்துவிட்டேன்" என்கிறது. இவர் ஆத்திரப்படவே இல்லை. லிஃப்டின் இரும்புக் கயிறு இழை இழையாகப் பிய்ந்திருந்தது, மாற்றும்வரை பூட்டினார். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டுய்யா, கடையில கூட்டம்" என்றாராம் மேனேஜர். "உங்க அம்மாவ ஏத்தி அனுப்புவீங்களா?" என்று இவர் கேட்டார். அவ்வளவுதான்.

பத்து நாளாகக் கட்டடம் கட்டடமாகப் போய் வேலை கேட்கிறார். ஒன்றும் அமையவில்லை. நேற்று எனக்கே மனசு விட்டுப்போய், "போட்டுத்தான் தொலைங்களேன்" என்றேன். பேனாவை என்னிடம் நீட்டி, "நீயே போடு" என்றார். கை வரவில்லை, அக்கா. கடவுளிடம், "இந்த மனுஷனை நம்பித்தான் இருக்கேன், நீயும் நம்பு" என்று சொல்லிவிட்டேன்.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் எழுதவில்லை, அத்தானுக்கு உதவும்.

அடங்காத
தங்கை

ஜூலை 2

அடங்காதவளுக்கு,

உனக்கு இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். காகிதத்தைப் பார்த்து அத்தான் குதித்த குதி! "உன் தங்கச்சி பேச்சையே எடுக்காத" என்றுவிட்டார்.

ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் என்னால் கால் வைக்க முடியவில்லை. மூன்றாவது மாடியில் அது ஒரு குலுக்குக் குலுக்கும்; வருஷக்கணக்காக அப்படித்தான். இப்போது ஐந்து மாடியும் படியேறுகிறேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. நாலாவது மாடி டீச்சர் ஏனென்று கேட்டார், சொன்னேன். மறுநாள் அவரும் படியில். அப்புறம் தையல்காரர் குடும்பம். நேற்று எல்லோரும் கூடி, "அந்த மெக்கானிக்கையே கூப்பிடுங்க, மாசாமாசம் அவரே பாக்கட்டும்" என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்று காலை அத்தானும் படியில்தான் இறங்கிப் போனார்.

ஒரே ஒரு கட்டடம்தான். போன வேலைக்கு ஈடாகாது, தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரை அனுப்பு. பூட்டச் சொன்னால் பூட்டிவிடுகிறோம். நீயும் பிள்ளைகளோடு வா. படியேறித்தான் வரவேண்டும்.

மூச்சு வாங்கும்
அக்கா