துண்டு போர்த்திய பெட்டி

தம்பி,

நீ எழுந்திருக்கும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். நீ சாமான் வாங்கின கடைக்கே அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். சாவி செருப்பு அலமாரி மேலே இருக்கிறது. கஞ்சி பிளாஸ்கில்.

நேற்று நீ கத்தினது நியாயம்தான். "உள்ளே விசிறியே கிடையாதும்மா, மேல்தகடு வழியாத்தான் சூடு போகணும், ஒண்ணும் வைக்காதே" என்று படிச்சுப் படிச்சுச் சொன்னாய். பழைய பெட்டி இரைந்தால் அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார் என்றுதானே இதைச் சத்தமில்லாமல் செய்தாய்? அந்தச் சத்தமில்லாததுதான் என்னை ஏமாற்றிவிட்டது. டிவியை நிறுத்தினதும் அதுவும் நின்றுவிட்டது என்று நினைத்து, தூசி படாமல் துண்டைப் போர்த்திவிட்டேன். சூடு வெளியே போக வழியில்லாமல் பெட்டி அணைந்தே போய்விட்டது.

நேற்று மத்தியானத்திலிருந்து அப்பா ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் ஊட்டப் போனால், "யாரும்மா நீ, எடுத்துட்டுப் போ" என்கிறார். சின்னப் பிள்ளையில் நீ ஸ்பூனோடு நின்று, "அப்பா, ஆ காட்டு" என்கிற படம் ஓடினால்தான் வாயைத் திறக்கிறார். அந்தப் படம் பெட்டிக்குள்ளே பிழைத்திருக்குமா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகன் என்று தெரியாமல் உன்னை "மெக்கானிக்" என்று கூப்பிடுகிறார் என்று அவர் பக்கமே போகமாட்டேன் என்கிறாய். இன்றைக்கு ஒரு நாள் போ.

மறந்துவிட்டேன்: மாத்திரை கஞ்சிக்கு அப்புறம்தான். வெறும் வயிற்றில் கொடுத்துவிடாதே.

இன்னொன்று. டிவி பக்கத்தில் ஸ்பூனோடு நின்று, "அப்பா, ஆ காட்டு" என்று நீயே சொல்லிப் பார். குரல் மாறிப்போச்சே என்று கூச்சப்படாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அவர் வாயைத் திறந்தால் உடனே போன் பண்ணு. பெட்டியைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடி வருகிறேன்.

அம்மா